உயிரோடு இருந்தவருக்குத் துக்கம் கேட்ட ஊர்

தம்பி,

நீ சென்னைக்குக் கிளம்பி ஒரு வாரம் ஆகிறது. போய்ச் சேர்ந்ததும் போனில் கூப்பிட்டு, அறை பரவாயில்லை, சீனியர் தங்கமான மனிதர், சாப்பாடுதான் வாயில் வைக்க முடியவில்லை என்றாய். உடம்பைப் பார்த்துக்கொள் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. போனில் உன் அம்மாவுக்குப் பேச வராது. நேரில் மட்டும் வருகிறதா என்று நீ கேட்பாய். வராதுதான். நாலு பேர் இருக்கும் இடத்தில் பேச நினைத்தால் வார்த்தை தொண்டையோடு நின்றுவிடும். கல்லூரியில் படித்த நாளிலிருந்தே அப்படி. அதனால் எழுதுகிறேன். உன்னோடு தங்கியிருக்கும் பையன்கள் எடுத்துப் படித்தாலும் பரவாயில்லை. உங்கள் வயதில் எல்லோருமே இந்த விஷயத்தில் ஏதாவது ஒரு முடிவோடுதான் இருப்பீர்கள்.

நீ கிளம்பிய அன்று மத்தியானம் நடந்ததைச் சொல்கிறேன். உன்னை வழியனுப்ப மாமா ஊரிலிருந்து புது அரிசியோடு வந்திருந்தான். உன் சீனியர் ஒரு தூக்குத் தண்டனைக் கைதியின் வழக்கை எடுத்திருக்கிறார், முதல் வேலையே உனக்கு அதுதான் என்று நீ சந்தோஷமாகச் சொன்னாய். மாமா சாம்பாரைப் பிசைந்துகொண்டே, "ஒருத்தன வெட்டிப் போட்டவனுக்கு வக்கீல் எதுக்குப்பா? போட்டுட்டுப் போக வேண்டியதுதானே" என்றான். நீ சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தாய். கோர்ட்டும் தப்புச் செய்யும், போன உயிர் திரும்பாது, தூக்கில் தொங்குகிறவன் எப்போதும் ஏழையாகவே இருக்கிறான் என்றெல்லாம் சொன்னாய். எதிலும் தப்பு இல்லை. கடைசியில் ஒன்று சொன்னாய்: "கொலைய கிட்டக்க இருந்து பாக்காதவங்கதான் மாமா இப்படி ஈஸியா பேசுவாங்க." மாமா உன்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சரிதான் தம்பி" என்றான். பிறகு என்னிடம், "மோர் ஊத்துக்கா" என்றான். நான் ஊற்றினேன்.

மாமாவின் அப்பா, அதாவது என் சித்தப்பா, பாம்பு கடித்து இறந்ததாகத்தான் உங்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறோம். பாம்பு கடிக்கவில்லை. வேலாயுதம் என்பவர் அவரை வாய்க்கால் கரையில் வைத்து வெட்டினார். அப்போது மாமாவுக்கு ஆறு வயது. உன்னைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. தெரியாமல் பேசினாய், தெரியாதபடி வைத்திருந்தது நாங்கள். ஆனால் இந்தத் தொழிலுக்குப் போகிறாய், இந்த வழக்கில் உட்காரப் போகிறாய் என்னும்போது, நான் பார்த்ததை உன்னிடம் வைத்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது. தூக்குத் தண்டனை வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் பதில் தெரியாது. முப்பது வருஷமாக யோசித்தும் தெரியவில்லை. யோசிக்க யோசிக்கக் கேள்விதான் கூடிக்கொண்டு போகிறது.

நன்னிலம் பக்கம் நம் ஊரில், பத்து மா நிலம், மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், ஒரு மிராசுதாருக்குச் சொந்தம். அவர் தஞ்சாவூரில் இருந்தார். அதை வேலாயுதத்தின் குடும்பம் இரண்டு தலைமுறையாகக் குத்தகைக்கு உழுதுவந்தது. அறுபத்தேழில் ஆட்சி மாறியிருந்த புதிது. குத்தகைக்காரர் பெயரைத் தாலுகா ஆபீசில் பதிய வேண்டும் என்று பேச்சு வந்ததும், பதிந்துவிட்டால் வேலாயுதத்தை அசைக்க முடியாது என்று மிராசுதார் பயந்துபோய், முந்திக்கொண்டு நிலத்தைப் பிடுங்கிச் சித்தப்பாவிடம் கொடுத்தார். கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதே என்று சித்தப்பாவிடம் யாரும் சொல்லவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. முதல் நடவன்று விடியற்காலையில் தண்ணீர் வைக்கப் போனார். நாணல் மறைவில் வேலாயுதம் காத்திருந்தார். வெட்டிய அரிவாளை எடுத்துக்கொண்டு தானே ஸ்டேஷனுக்கு நடந்து போனார். வயலில் நாற்றுமுடி வீசியது வீசியபடி கிடந்தது. முந்தைய நாளே கொல்லன் பட்டறையில் அரிவாளைச் சாணை பிடித்துவைத்திருந்தார் என்பது சாட்சியத்தில் வந்தது. ஆத்திரத்தில் செய்ததல்ல, திட்டம் போட்டுச் செய்தது என்று நாகப்பட்டினம் கோர்ட்டில் தூக்கு விதித்தார்கள். மிராசுதார் சாவுக்கும் வரவில்லை, சாட்சிக்கும் வரவில்லை. சட்டத்தின் கண்ணில் அவர் எங்கேயுமே இல்லை என்பது அப்போதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நான் அப்போது கும்பகோணத்தில் விடுதியில் தங்கி பி.ஏ. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். தீர்ப்பு வந்த சில நாளில் கல்லூரியில் ஒரு பட்டிமன்றம் நடந்தது. தலைப்பு தூக்குத் தண்டனை தேவையா என்பது. அந்தக் காலத்தில் எல்லாப் பெண்களும் மந்திரிகளைப் போலவே அடுக்குமொழியில் பேசுவார்கள். உயிரைக் கொடுக்கத் தெரியாத அரசு உயிரை எடுக்கலாமா என்று ஒருத்தி கேட்டாள், கைதட்டல். செத்தவன் எந்தக் கோர்ட்டில் அப்பீல் செய்வான் என்று இன்னொருத்தி கேட்டாள், அதற்கும் கைதட்டல். நானும் இரண்டுக்கும் தட்டினேன். என் சித்தப்பாவை வெட்டிவிட்டார்கள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. எனக்குள் வேறு கேள்விகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த ஆளுக்கு நாள் முன்கூட்டியே தெரியுமா? அவர் மனைவிக்கு யார் சொல்வார்கள்? அதுவரை அந்த வீட்டில் நல்லது கெட்டது எப்படி நடக்கும்? இந்தக் கேள்விகளை எந்த அணியில் வைப்பது என்று தெரியவில்லை.

பதில் ஊரிலேயே கிடைத்தது. படிப்பு முடிந்து, வேலைக்குப் பதிந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது ஹைகோர்ட்டும் தூக்கை உறுதி செய்தது. மறுநாளே வேலாயுதம் வீட்டுக்கு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், ஊர்ப் பெண்கள் துக்கம் கேட்கப் போனார்கள். திருச்சி ஜெயிலில் அந்த மனிதர் உயிரோடு இருக்கிறார். இங்கே அவர் வீட்டில் துக்கம் கேட்கிறார்கள். நீ டவுனிலேயே வளர்ந்தவன், அதனால் சொல்கிறேன். சாவு வீட்டுக்குப் போனால் யாரும் "வாங்க" என்று கூப்பிட மாட்டார்கள். போனவர்களும் கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லக் கூடாது. சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடுமாம். கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, முகம் பார்க்காமல் எழுந்து போய்விட வேண்டும். அந்த வீட்டில் வாய் திறந்து எதையும் கேட்டு வாங்கவும் கூடாது. அன்றைக்குப் போனவர்களும் அப்படித்தான் அழுதுவிட்டு எழுந்து போனார்கள். வேலாயுதத்தின் மனைவி அஞ்சலை அவர்கள் பின்னாலேயே தெருவுக்கு வந்து மறித்தாள். "எங்க வீட்ல யாரு செத்தா? ஏன் ஒண்ணும் சொல்லாம போற? போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போ" என்றாளாம். யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் வாசலில் நின்றுகொண்டு தெருவில் போகிற வருகிற எல்லோரையும், கீரை விற்கிறவளைக்கூட, "வாங்க, வாங்க" என்று சத்தமாகக் கூப்பிட ஆரம்பித்தாள். "தூக்குக் கயிறு வந்தாலும் இவ வாங்கன்னுதான் சொல்லுவா" என்று குளத்தங்கரையில் பேசிச் சிரித்தார்கள். நானும் அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு வரவில்லை. அவள் செய்வது பைத்தியக்காரத்தனமா, இல்லை அந்த ஊரில் சட்டத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதானா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் வேறு மாதிரி வந்தார்கள். நியாயம் கிடைத்துவிட்டது என்றார்கள். சித்தி எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாள். வந்தவர்கள் போனதும் என்னிடம், "எப்ப போடுவாங்க?" என்று கேட்டாள். கருணை மனு ஒன்று பாக்கி இருக்கிறது, அது முடிந்த பிறகு என்றேன். சித்தி சிறிது நேரம் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு, "போட்டப்பறம் நமக்கு என்ன ஆவும்?" என்றாள். கோபமாகவோ அழுதுகொண்டோ கேட்கவில்லை. படித்த பெண்ணாயிற்றே, தெரிந்திருக்கும் என்று நிஜமாகவே கேட்டாள்.

கருணை மனுவோடு செத்தவர் குடும்பத்திலிருந்து ஆட்சேபணை இல்லை என்று ஒரு தாள் இருந்தால் நல்லது என்று அவர்கள் வக்கீல் சொன்னாராம். அது ஊர் முழுக்கப் பரவி எங்கள் காதுக்கும் வந்துவிட்டது. அஞ்சலை எப்போது வேண்டுமானாலும் வருவாள் என்று எல்லோருக்கும் தெரியும். சித்தப்பாவின் அண்ணன், உன் தாத்தா, முன்னாலேயே சொல்லிவிட்டார்: "வாசப்படி ஏற விடாதீங்க." அவர் இல்லாத ஒரு காலை நேரத்தில் அவள் வந்தாள். சித்தி கொல்லையில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் விறகு தள்ளிக்கொண்டிருந்தேன். அஞ்சலை பக்கத்து வயல் வழியாக வந்து, வேலிப் படலுக்கு உள்ளே வந்து நின்றாள். சித்தி "வா" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன். சொல்லாததனால் அது சாவு வீடாகவே இருந்தது. வெட்டியவனின் மனைவி என்பதால் அவள் சித்தப்பா சாவுக்கு வந்திருக்கவில்லை. ஒரு சாவுக்குப் பிறகு முதல்முறையாக வருகிறவர், எவ்வளவு காலம் கழித்து வந்தாலும், முதலில் துக்கம்தான் கேட்க வேண்டும். அவள் கேட்டாள். சித்தியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சித்தப்பாவுக்காக அழுதாள். நடிப்பில்லை தம்பி, அவர் நாற்றங்காலுக்கு விதை கொடுத்தது, அவள் மகளை வண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லி அழுதாள். சித்தியும் அழுதாள். பிறகு அஞ்சலை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவள் உதடு அசைந்ததைப் பார்த்தேன். துக்கம் கேட்ட இடத்தில் எதையும் கேட்கக் கூடாது. புருஷன் உயிரைக் கேட்க வந்தவள், ஒன்றும் கேட்காமல், முகம் பார்க்காமல், வந்த வழியே போய்விட்டாள். நெல் குழைந்துபோயிருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் சண்டை. உன் தாத்தா கல்நெஞ்சர் இல்லை. அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. அந்த ஆளைத் தூக்கில் போடாவிட்டால் ஒருநாள் வெளியே வருவான், அதற்குள் தகப்பனைப் பறிகொடுத்த இந்தப் பிள்ளை வளர்ந்துவிடும், ஒன்று இவன் அவனை வெட்டுவான், இல்லை அவன் இவனை. அவன் ஒருவனோடு முடிந்தால் ஊருக்கு நல்லது என்பது அவர் பக்கம். உன் சட்டப் புத்தகத்தில் இருக்கிறதோ என்னவோ, அதையும் ஒரு வாதமாக எடுத்துக்கொள். "அவதான் வாயத் தொறந்து கேக்கலையே, நாம எதுக்குக் குடுக்கணும்?" என்றார். சித்தி அதுவரை அவர் எதிரில் உட்கார்ந்து பேசியதில்லை. அன்றும் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் சொன்னாள்.

"அவன் செத்தா அவளும் தாலி அறுப்பா. அப்பறம் அவளும் நானும் ஒண்ணுன்னு ஆயிடும். ரெண்டு பேரு குடியும் போச்சேன்னு ஊரு சேத்து வச்சுப் பேசும். எம்புருசன் செத்தது தனியா இருக்கட்டும்."

இதைக் கருணை என்று நான் எப்படிச் சொல்வேன்? பழி என்றும் சொல்ல முடியவில்லை. கணவர் சாவுக்கு ஜோடியாக இன்னொரு சாவு வரக் கூடாது என்று அவள் நினைத்தாள். தூக்கு வேண்டாம் என்கிறவர்கள் எல்லோரும் இளகிய மனசுக்காரர்கள், வேண்டும் என்கிறவர்கள் எல்லோரும் கொடியவர்கள் என்பதுபோல் நீ அன்றைக்குப் பிரித்த பிரிவில் சித்தியை எங்கே நிறுத்துவாய் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டிப் போனாள். அஞ்சலை வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி, "வாங்கக்கா" என்றாள். சித்தி உள்ளே போய்த் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். "வக்கீலு என்ன எழுதணும்ன்னாரோ சொல்லு, இவ எழுதுவா" என்றாள். நான் எழுத ஆரம்பித்ததும் என் கையைப் பிடித்தாள். "மன்னிச்சிட்டேன்னு எழுதாத. ஆட்சேபணை இல்ல, அவ்வளவுதான்." அப்படியே எழுதினேன். ஒரு பி.ஏ. படிப்பில் அதைவிடக் கஷ்டமான வாக்கியத்தை நான் எழுதியதில்லை. சித்தி கைநாட்டு வைத்தாள். உன் தாத்தா அதற்குப் பிறகு சித்தியிடம் நேராகப் பேசவில்லை. எதுவானாலும் சுவரைப் பார்த்துச் சொல்வார், நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

தூக்கு ஆயுள் தண்டனையாக மாறியது. அந்தத் தாளினால்தானா என்று யாருக்கும் தெரியாது. அஞ்சலை வாசலில் நின்று கூப்பிடுவதை நிறுத்தினாள். வயிற்றில் கட்டி வந்து சித்தி சில வருஷத்தில் இறந்துபோனாள். வேலாயுதம் விடுதலையாகி வந்ததை அவள் பார்க்கவில்லை. பார்த்தது உன் மாமா. அப்போது அவனுக்கு இருபது வயது. அதே பத்து மா நிலத்தை அவன்தான் உழுதுகொண்டிருந்தான். உன் தாத்தா வீட்டிலிருந்த அரிவாளையெல்லாம் பரண்மேல் ஏற்றிவிட்டு, அவன் வயலுக்குப் போனால் பின்னாலேயே போவார். "என்னயக் காவ காக்குறதுக்கு அன்னிக்கே அவனப் போட விட்டிருக்கலாம் பெரியப்பா" என்று உன் மாமா சிரிப்பான். ஒன்றும் நடக்கவில்லை. தாத்தா பயந்தது எதுவும் நடக்கவில்லை என்பதைத்தான் நீ கோர்ட்டில் எடுத்துச் சொல்வாய். நான் சொல்ல வந்தது நடந்த ஒன்றை.

மதகில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர் உனக்கு ஞாபகம் இருக்கலாம். கோடை விடுமுறைக்குப் போகும்போது உன்னைக் கூப்பிட்டு எந்த வகுப்பு என்று கேட்பார். அவர்தான். ஜெயிலில் தலை முழுக்க நரைத்துப்போய், குரல் இறங்கிப்போய் வந்திருந்தார். தினமும் காலையில் அந்த வயல் வரப்பில் நடப்பார். ஒருநாள் மாமாவிடம், "தம்பி, கெழக்கு மூலை மேடு. தண்ணி ஏறாது. கொஞ்சம் வெட்டி மட்டம் பண்ணு" என்றாராம். அவர் உழுத நிலம், அவருக்குத் தெரியும். அவர் சொன்னது சரி என்று மாமாவுக்கும் தெரியும். அந்த ஆள் வாயிலிருந்து வந்தது என்பதற்காகவே மாமா அந்த மூலையைத் தொடவில்லை. ஒவ்வொரு சம்பாவிலும் அங்கே பயிர் காய்ந்து மஞ்சளாகிப் போகும். வேலாயுதம் அதைப் பார்த்துக்கொண்டே போவார், மாமா அவரைப் பார்த்துக்கொண்டே நிற்பான். பத்துப் பன்னிரண்டு வருஷம், அவர் காய்ச்சலில் போகும்வரை, இப்படி. இப்போதும் அந்த மூலை மேடாகத்தான் இருக்கிறது.

ஒருமுறை மாமாவிடம் கேட்டேன், சித்தி செய்தது தப்பு என்று நினைக்கிறாயா என்று. "எங்கம்மா பெரிய மனுசிதான். ஆனா தெனம் அந்த மூஞ்சிய பாத்தது நான்தானக்கா. அவங்க கைநாட்டு வச்சுட்டுப் போயிட்டாங்க" என்றான். இதில் பழிவாங்கும் ஆசை எங்கே இருக்கிறது, சொல். களைப்புதான் இருக்கிறது. போட்டுட்டுப் போக வேண்டியதுதானே என்று நம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னவன் இந்த ஆள்தான்.

அதற்காக நீ அந்த வழக்கை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சித்தி அந்தத் தாளைக் கொடுத்திராவிட்டால் அஞ்சலைக்கு என்ன ஆகியிருக்கும் என்பதையும் நான் மறக்கவில்லை. நீ நன்றாகப் படி, உன் கட்சிக்காரரை எப்படியாவது காப்பாற்று. ஆனால் ஜெயித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று வழக்குக் கட்டை மூடி வைத்துவிடாதே. நாங்கள் அப்படித்தான் நினைத்தோம்.

நேற்று மாமாவிடமிருந்து போன் வந்தது. உன் வழக்கைப் பற்றித்தான் கேட்டான். தம்பி ஜெயிச்சிடுவானா என்றான். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். பிறகு, "ஜெயிக்கட்டும்க்கா. ஆனா செத்தவன் வீட்ல சின்னப் புள்ள யாராச்சும் இருக்கான்னு மட்டும் கேட்டு வைக்கச் சொல்லு" என்றான்.

கேட்டுவிட்டு எனக்கு எழுது. மாமாவுக்கும் எழுது.

அம்மா